மணம் வேறு, சுத்தம் வேறு



தீபாவளி நெருங்கிவிட்டால் போதும், மலேசியத் தமிழர் வீடுகளில் ஒட்டடை அடிப்பதும் திரைச்சீலைகளைத் துவைப்பதும் தொடங்கிவிடும். அதே வாரங்களில் பேரங்காடிகளில் துப்புரவுப் பொருள்கள் மலை போல் அடுக்கப்படும். தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, அடுப்பு மேடைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று, கடைசியில் இவற்றின் வாடையை எல்லாம் மறைக்க வாசனைத் தெளிப்பான் ஒன்று. தள்ளுவண்டி நிறைகிறது, பணப்பை காலியாகிறது.

சுத்தம் சோறு போடும் என்பது பழமொழி. சோற்றுக்கு வைத்திருந்த காசையே சுத்தம் கொண்டுபோனால் என்ன செய்வது? ஒரு குடும்பம் இத்தகைய பொருள்களுக்கு மாதம் 40 ரிங்கிட் செலவிடுவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 480 ரிங்கிட் ஆகிறது. அதில் பாதியைக் குறைத்தாலே 240 ரிங்கிட் கையில் நிற்கும். 2025-ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்துக்கு மாதம் 26 நாள் வேலை செய்யும் ஒரு தொழிலாளிக்கு, 240 ரிங்கிட் என்பது மூன்றரை நாள் உழைப்புக்கும் மேல்.

பாதியைக் குறைக்க முடியுமா என்றால், முடியும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அழுக்கு என்பது என்ன என்று தெரிந்துகொண்டால் போதும்.

அழுக்கின் குணம் அறிதல்

வீட்டில் சேரும் அழுக்கு பெரும்பாலும் மூன்று வகைதான். முதலாவது தூசியும் மண்ணும். இதற்குத் துடைப்பமும் ஈரத்துணியுமே போதும். இரண்டாவது எண்ணெய்ப் பிசுக்கு. அடுப்பைச் சுற்றியுள்ள சுவர், காற்றாடியின் இறக்கை, தாளித்த சட்டி ஆகியவற்றில் படிவது இதுதான். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. இரண்டையும் பிடித்துச் சேர்க்கும் தரகர் வேலையைச் செய்வது சவர்க்காரம். ஆகவே பிசுக்குக்கு மருந்து சவர்க்காரமும் சுடுநீரும். காரத்தன்மை கொண்ட சோடாவும் இதற்குத் துணை நிற்கும்.

மூன்றாவது உப்புக் கறை. தண்ணீர்க் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு, கழிவறைத் தொட்டியின் மஞ்சள் காறை, பழைய இரும்புக் குழாய் விட்டுச்செல்லும் துரு ஆகியவை இந்த வகை. இவை சவர்க்காரத்துக்கு அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். காடி எனப்படும் வினிகரும், எலுமிச்சைச் சாறும், புளியும் புளிப்பானவை. சமையல் வினிகரில் பொதுவாக 4 முதல் 5 விழுக்காடு வரை அசிட்டிக் அமிலம் இருக்கிறது. வீட்டுக் கறைகள் பலவற்றுக்கு அது போதும்.

இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் வினிகரை ஊற்றிவிட்டு, இயற்கைப் பொருள் எதற்கும் உதவாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் ஆப்பச் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து, பொங்கி வரும் நுரையைப் பார்த்து மகிழ்கிறார்கள். உண்மையில் அங்கே நடப்பது என்ன? காரமும் அமிலமும் ஒன்றை ஒன்று அடித்து வீழ்த்திவிடுகின்றன. கரியமில வாயு நுரையாகப் போய்விடும்; மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசல்தான். இரண்டு நல்ல பொருள்கள் வீணாகின்றன. சோடாவைத் தனியாகவும் வினிகரைத் தனியாகவும் பயன்படுத்தினால்தான் பலன்.

அடுப்படி முதல் குளியலறை வரை

அடிப்பிடித்த எவர்சில்வர் சட்டியை இரும்பு நாரால் கை வலிக்கத் தேய்க்க வேண்டியதில்லை. கறை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, இரண்டு தேக்கரண்டி ஆப்பச் சோடா போட்டு, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இரவெல்லாம் ஊறவைத்தால் காலையில் பெரும்பகுதி தானே பெயர்ந்து வரும். அலுமினியச் சட்டிக்கு மட்டும் இந்த முறை ஆகாது, அது கறுத்துவிடும்.

எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுவதற்கு முன் பழைய காகிதத்தால் ஒருமுறை துடைத்து எடுப்பது நல்ல பழக்கம். பாதிச் சவர்க்காரம் அப்போதே மிச்சம். கேத்தலில் வினிகரும் தண்ணீரும் சமமாக ஊற்றிச் சூடாக்கி, ஒரு மணி நேரம் விட்டு, பலமுறை அலசினால் வெள்ளைப் படிவு போய்விடும். கழிவறைத் தொட்டியின் காறை மீது வினிகரில் நனைத்த காகிதத்தை ஒட்டி, இரவு முழுவதும் விட்டு, காலையில் தேய்த்துக் கழுவலாம். முந்தின நாள் அங்கே வேறு எந்த இரசாயனமும் ஊற்றியிருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

குத்துவிளக்கைப் புளி கொண்டு துலக்குவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். பித்தளையின் மேல் படியும் கருமையைப் புளியிலுள்ள அமிலம் கரைக்கிறது. குழம்புக்குக் கரைத்த பின் மிஞ்சும் சக்கையும் சிறிது உப்பும் போதும். துலக்கிய கையோடு நன்றாக அலசி, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். ஈரம் நின்றால் மீண்டும் கறுக்கும்.

ஓர் எச்சரிக்கை. பளிங்குத் தரைக்கும், பழைய வீடுகளில் உள்ள சிமெண்டுத் தரைக்கும் வினிகரோ எலுமிச்சையோ ஆகாது. கல்லில் உள்ள சுண்ணாம்பையே அமிலம் தின்றுவிடும். பளபளப்பு போனால் திரும்பாது. அத்தகைய தரைக்குச் சில துளிகள் பாத்திரச் சவர்க்காரம் கலந்த தண்ணீரே நல்லது. தரை துடைக்க இரண்டு வாளிகள் வைத்துக்கொள்வது சிறந்த முறை. ஒன்றில் சவர்க்கார நீர், மற்றொன்றில் துணியை அலசும் நீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால், வரவேற்பறை அழுக்கு படுக்கையறைக்குப் போகுமே தவிர வீட்டை விட்டுப் போகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நேரத்தையும் ஒரு துப்புரவுப் பொருளாகக் கருத வேண்டும். பூசிய உடனே தேய்த்தால் ஒரு கிண்ணம் சவர்க்காரம் தேவைப்படும். பத்து நிமிடம் பொறுத்துத் தேய்த்தால் ஒரு கரண்டி போதும். சலவை இயந்திரத்திலும் அப்படித்தான். சலவைத்தூளை இரு மடங்காகப் போட்டால் துணி இரு மடங்கு வெளுக்காது. அலசிப் போகாத தூள் துணியிலேயே தங்கி அரிப்பைத்தான் தரும்.

மூச்சை முட்டும் கலவை

செலவைப் பற்றிப் பேசியாயிற்று. காசை விடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது.

பிளீச் எனப்படும் வெளுப்பு நீரும் கழிவறைக் காறை நீக்கியும் பல வீடுகளில் அருகருகே நிற்கின்றன. வெளுப்பு நீரில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். காறை நீக்கிகள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒன்றுக்கு இரண்டாக ஊற்றினால் இரட்டிப்புச் சுத்தம் கிடைக்கும் என்ற எண்ணத்தில் இவற்றைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கலவையிலிருந்து எழுவது குளோரின் வாயு. 1915-ஆம் ஆண்டு ஏப்ரலில், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் வீரர்கள் மீது ஏவப்பட்ட அதே வாயுதான் இது. சன்னல் சிறியதாகவும் கதவு மூடியும் இருக்கும் அடுக்குமாடிக் குளியலறையில் இது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெளுப்பு நீரோடு வினிகர் சேர்ந்தாலும் இதே விளைவுதான். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர் சேர்ந்தால் குளோரமின் என்னும் வேறொரு நச்சு வாயு எழும்.

தவறிக் கலந்துவிட்டால், அங்கேயே நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்காமல் உடனே வெளியேறித் தூய காற்றைச் சுவாசிக்க வேண்டும். மூச்சுத் திணறினால் 999 எண்ணை அழைக்கத் தயங்கக் கூடாது. இரசாயனத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இத்தகைய வேளைகளில் மருத்துவர்களுக்கு ஆலோசனை கூறும் தேசிய நச்சு மையம், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. எந்தத் துப்புரவு நீரையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சட்டமாகவே கொள்ளலாம்.

கலக்காமல் பயன்படுத்தினாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. 2018-ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 6,000-க்கும் மேற்பட்டவர்களின் நுரையீரல் திறனை ஏறக்குறைய 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு அது. வீட்டைத் துப்புரவு செய்துவந்த பெண்களுக்கும், துப்புரவுத் தொழிலில் இருந்த பெண்களுக்கும், மற்றப் பெண்களைவிட நுரையீரல் திறன் வேகமாகக் குறைந்திருந்தது. தெளிப்பான்களையும் பிற துப்புரவு இரசாயனங்களையும் வாரம் ஒருமுறையாவது பயன்படுத்தியவர்களிடமும் இதே போக்கு தென்பட்டது. வீட்டை மணக்கச் செய்யும் தாய், தன் மூச்சைக் கொடுத்து அந்த மணத்தை வாங்க வேண்டுமா? தெளிப்பானைக் காற்றில் பீய்ச்சாமல் துணியில் ஊற்றித் துடைப்பதும், சன்னலைத் திறந்து வைப்பதும் காசில்லாத பாதுகாப்பு. கணவரும் பிள்ளைகளும் ஆளுக்கோர் அறையை எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

அலமாரிக்குள் இருக்கும் வெள்ளை உருண்டை

பட்டுப் புடவைக்கு நடுவில் அந்துருண்டை வைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. நாஃப்தலீன் கலந்த உருண்டையின் நெடி, ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடியது. பச்சிளங்குழந்தைக்கு அது மூளையையும் பாதிக்கலாம். மலேசிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இக்குறைபாடு உண்டா என்று இரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். குழந்தை பிறந்த வீட்டில், தொட்டில் துணி வைக்கும் அலமாரியில் இந்த உருண்டைக்கு இடமே இருக்கக் கூடாது.

அதற்கு மாற்று என்ன? வியர்வையும் உணவுக் கறையும் உள்ள துணியைத்தான் பூச்சி பெரிதும் நாடும். நன்கு துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, இறுக மூடும் பெட்டியில் வைப்பதே முதல் பாதுகாப்பு. துணையாக, பாட்டிமார் வைத்ததைப் போல உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை துணிகளை எடுத்துக் காற்றாட விரித்துப் போடுவதும் நல்லது.

கால்வாயில் ஊற்றுவது எங்கே போகிறது?

மலேசியாவின் பழைய குடியிருப்புகள் பலவற்றில் கழிவறைத் தண்ணீர் மட்டுமே கழிவுநீர்த் தொட்டிக்கோ சுத்திகரிப்பு நிலையத்துக்கோ செல்கிறது. அடுப்படித் தண்ணீரும் சலவைத் தண்ணீரும் வீட்டுக்கு முன்னே ஓடும் திறந்த கால்வாயில் விழுந்து, நேரே ஆற்றைச் சேர்கின்றன. எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் எலிக்கும் கரப்பானுக்கும் விருந்து. மிஞ்சிய இரசாயனம் மீனுக்கு நஞ்சு.

ஆறு கெட்டால் என்ன ஆகும் என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றுப் படுகையில் தொழிற்கழிவின் நாற்றம் கலந்ததால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குதாரர்களுக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. அன்று ஆற்றைக் கெடுத்தது தொழிற்சாலைக் கழிவு. வீட்டுக் கழிவின் அளவு அதற்கு ஈடாகாது. ஆனாலும் குடிக்கும் நீரும் கழிவு சேரும் இடமும் ஒரே ஆறு என்பதை அந்த நாள்கள் வாளியும் கையுமாக வரிசையில் நின்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்தன.

பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் ஆறவைத்துப் புட்டியில் சேர்க்கலாம். பயன்படுத்திய சமையல் எண்ணெயைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் இந்நாட்டில் உண்டு. கால்வாய்க்கும் நன்மை, கைக்கும் சில்லறை.

பழத்தோல் நொதிநீர்

மலேசியாவில் பல குடியிருப்புகளில் பழத்தோலில் நொதிநீர் தயாரிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. கறுப்புச் சர்க்கரை 1 பங்கு, பழத்தோலும் காய்கறிக் கழிவும் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு என்பது கணக்கு. பிளாஸ்டிக் கலத்தில் முக்கால் அளவு நிரப்பி, மூன்று மாதம் நொதிக்க வைக்கிறார்கள். முதல் மாதம் வாயு அதிகம் சேரும். நாள்தோறும் மூடியைத் திறந்து மூடாவிட்டால் கலம் வெடித்துவிடும். கண்ணாடிப் புட்டி கூடவே கூடாது.

வடிகட்டினால் கிடைப்பது, மெல்லிய வினிகரைப் போன்ற புளிப்பு நீர். கழிவறைக்கும் ஓட்டுத் தரைக்கும் அது பயன்படும், குப்பையும் குறையும். ஆனால் ஆற்றையும் வானத்தையும் இது குணப்படுத்தும் என்று சொல்வதெல்லாம் மிகை. அது புளிப்பு நீர் என்பதால், பளிங்குக்கும் வெளுப்பு நீருக்கும் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

கிருமிக்கு எது?

இதைக் கேட்டுவிட்டு வெளுப்பு நீரை வீட்டை விட்டே விரட்ட வேண்டும் என்று எண்ணுவது சரியாகாது. வினிகரும் சோடாவும் அழுக்கை நீக்கும். கிருமியைக் கொல்ல அவற்றை நம்பக் கூடாது. அன்றாடம் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவி உலரவிட்டாலே கிருமிகளில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். கோழி நறுக்கிய பலகைக்கும் சவர்க்காரமும் சுடுநீரும், பிறகு நல்ல வெயிலும் வேண்டும்.

ஆனால் வீட்டில் ஒருவருக்கு வாந்தி, பேதி அல்லது குழந்தைக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் கண்டால் நிலைமை வேறு. 1997-இல் சரவாக்கில் பல குழந்தைகளின் உயிரைப் பறித்த நோய் இது. இந்தக் கிருமிக்கு எரிசாராயக் கைத்தூய்மி அவ்வளவாக அஞ்சாது. வெளுப்பு நீருக்கு அடங்கும். 5 விழுக்காட்டு வெளுப்பு நீர் 1 பங்குக்குக் குளிர்ந்த தண்ணீர் 49 பங்கு சேர்த்தால் 0.1 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். முதலில் சவர்க்காரத்தால் அழுக்கை நீக்கிவிட்டு, பிறகு இதைப் பூசிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் அதன் வலிமை அழுக்கோடு போய்விடும். அன்று கலந்ததை அன்றே பயன்படுத்த வேண்டும். இப்படி அளவறிந்து பயன்படுத்தினால் ஒரு புட்டி வெகுகாலம் வரும்.

காசே கேட்காத துப்புரவு ஒன்றும் உண்டு. ஏடிஸ் கொசு தன் முட்டைகளைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து, மீண்டும் நனைந்ததும் பொரிக்கும். பூச்சட்டித் தட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் வாரம் ஒருமுறை உட்புறம் தேய்த்துக் கழுவினால்தான் டிங்கிக்குத் தடை. இதற்கு வேண்டியது ஒரு தேங்காய் நாரும் பத்து நிமிடமும்தான்.

இந்தத் தீபாவளிக்கான பட்டியல்

ஆக, ஒரு வீட்டுக்கு வேண்டியது என்ன? பாத்திரச் சவர்க்காரம், சலவைத்தூள், ஆப்பச் சோடா, வினிகர், பூட்டி வைக்கும் அலமாரியில் ஒரு புட்டி வெளுப்பு நீர். இவற்றோடு ஈர்க்கு விளக்குமாறு, தேய்க்கும் நார், பழைய பருத்திச் சட்டையைக் கிழித்த துணி. பட்டியல் இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு புட்டியை வாங்கக் கை நீளும்போது, இது எந்த அழுக்குக்கு, அந்த அழுக்கை நீக்க வீட்டில் ஏற்கெனவே எதுவும் இல்லையா என்று கேட்டுக்கொண்டால் போதும். புட்டியில் பச்சை இலைப் படம் இருப்பதாலேயே உள்ளே இருப்பது இயற்கைப் பொருள் ஆகிவிடாது. பின்புறம் சிறிய எழுத்தில் உள்ளதைப் படிக்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கி வைத்துள்ள புட்டிகளைக் கால்வாயில் கொட்டவும் வேண்டாம். ஒன்றோடொன்று கலக்காமல், அளவாகப் பயன்படுத்தி முடித்துவிட்டு, அதன் பிறகு வாங்காமல் இருந்தாலே போதுமானது. அடுத்த மாத மளிகைச் சீட்டில் வித்தியாசம் தெரியும்.

சுத்தமான வீட்டுக்கென்று தனி மணம் கிடையாது. துடைத்து, உலர்ந்து, காற்று வந்து போகும் அறையில் எந்த நெடியும் இருக்காது. அங்கே வயதானவர் இருமாமல் உறங்கலாம், குழந்தை அஞ்சாமல் தவழலாம்.